ராயப்பனுக்கு வந்த மாமன் சீர்

அத்தியாயம் 9

விதை மல்லாட்டையைத் தின்றது ராயப்பன்தான் என்பது போன வாரமே நமக்குத் தெரிந்துவிட்டது. அவன் வீட்டில்தான் இன்னும் யாருக்கும் தெரியாது.

இந்த வாரம்தான் முதல்முறையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சவுரிராயன் திண்டிவனம் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அவர் மனைவி காந்திமதி. பிள்ளைகள் இரண்டு பேர்: பதினாலு வயது ராயப்பன், அவனைவிட மூன்று வயது இளையவள் பூமாலை. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் போடுவதற்காகப் பானையில் வைத்திருந்த விதை மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், பாதியைக் காணவில்லை. காந்திமதி இரண்டு பிள்ளைகளையும் நிற்க வைத்துக் கேட்டாள். ராயப்பன் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தை நோக்கிக் கையை நீட்டி, "நான் தின்னிருந்தா என் தொண்ட அடைச்சிப் போவட்டும்!" என்று சத்தியம் பண்ணினான்.

பொய்ச் சத்தியம் பண்ணுகிறவன் வேறு எதையாவது பணயம் வைத்திருக்கலாம். இவன் வைத்தது ஊரே நின்று கேட்கும் குரலை. மாதா கோயில் தேர்த் திருவிழாவில் வருஷா வருஷம் முதல் பாட்டு அவனுடையதுதான். அந்தப் பாட்டுக்காகவே தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு கூட்டத்தில் முன்னால் போய் நிற்கிறவள் காந்திமதி.

மறுநாள் ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்து பாட்டைப் பழகிப் பார்த்தான். மேலே எடுக்க வேண்டிய இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி எருமைக் கன்று மாதிரி கத்தியது. இன்னொரு முறை பாடினான். இன்னும் மோசமாகக் கத்தியது. மாதா உடனுக்குடன் தீர்ப்புச் சொல்லிவிட்டாள் என்று ராயப்பன் முடிவு கட்டிவிட்டான். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுக்கும். குரல் காட்டிக்கொடுத்தால் மல்லாட்டை வெளியே வரும். அன்று மூடிய வாயைச் சாப்பிடுவதற்குத் தவிர அவன் திறக்கவில்லை.

ஆண் பிள்ளைகளுக்கு அந்த வயதில் குரல் உடையும் என்பது உலகத்தில் எல்லாருக்கும் தெரியும், அந்த வயதில் இருக்கிற பிள்ளையைத் தவிர. பையன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் பெற்றவர்களும் கண்டுபிடித்திருப்பார்கள். அவன்தான் பேசவே இல்லையே!

சனிக்கிழமை பொழுது விடிந்தது. மறுநாள் தேர்.

"வாயத் தொற" என்றாள் காந்திமதி.

ராயப்பன் திறந்தான். நல்லெண்ணெயில் உடைத்து ஊற்றிய பச்சை முட்டை உள்ளே போனது. அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. முகம் கோணியது. அப்போதும் சத்தம் வரவில்லை.

"உஷ்ணம்தான். தொண்ட வறண்டு பூடுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுப்பில் உளுந்தங்களி வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பனை வெல்லம் தட்டி வைத்திருந்தாள்.

"எனக்கும் களி" என்றாள் பூமாலை.

"இது மருந்துடி."

"மருந்துக்கு எதுக்குமா இவ்ளோ வெல்லம்? அவன் சும்மா நடிக்கிறான். பாட பயம். அதான் பேசாம குந்திக்கினு இருக்கான்."

காந்திமதி மகளை அதட்டவில்லை. மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு போனால் போகட்டும் என்று அவள் மனசு எப்போதோ சமாதானமாகிவிட்டது. பிள்ளை ஊமையாகிவிட்டானோ என்பதுதான் இப்போது அவள் பயம்.

"தேருக்குப் பாட வேணாம்டா ராயப்பா. ஒரே ஒரு தபா அம்மான்னு கூப்புடு. எனக்கு அது போதும்."

ராயப்பன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். காந்திமதி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு களியைக் கிளறப் போனாள்.

இந்த முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தும் பனை வெல்லமும் வியாழக்கிழமை கடைத்தெருவிலிருந்து ஒரே கூடையில் வந்தவை. வம்பு அங்கேதான் தொடங்கியது. நம் பக்கத்துக் குடும்பங்களில் இந்த நாலு சாமானும் சேர்ந்தாற்போல் ஒரு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டுப் பெண் பெரியவளாகிவிட்டாள் என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது.

கூடையை எட்டிப் பார்த்தவள் அடுத்த குவார்ட்டர்ஸ் குப்பம்மாள். "இன்னாடி காந்திமதி, விசேசமா?" என்று கேட்டாள்.

பாட்டுக்காரப் பிள்ளைக்குத் தொண்டை போய்விட்டது என்று சொல்ல எந்தத் தாய்க்கு நாக்கு வரும்? அதுவும் வருஷம் பூராவும் அந்தத் தொண்டையைப் பற்றியே பேசித் திரிந்த தாய்க்கு? "ஒண்ணுமில்லக்கா, வூட்டு விசயம்" என்று சொல்லி, கூடைமேல் துணியைப் போட்டு மூடிக்கொண்டு காந்திமதி நடந்தாள்.

குப்பம்மாளுக்குத் துணி போட்டு மூடினதே போதுமானதாக இருந்தது. வெள்ளிக்கிழமை முருங்கைக்காய் மூட்டையோடு ரயிலேறி விழுப்புரம் சந்தைக்குப் போனவள், முருங்கைக்காயை விற்பதற்கு முன்னால் எஞ்சின் ஷெட்டுக்குப் போனாள். அங்கே கரி அள்ளிக்கொண்டிருந்த காந்திமதியின் அண்ணன் மாரியப்பனிடம் சேதியை இறக்கி வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தலை பாரம் குறைந்தது.

*

விழுப்புரத்திலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி திண்டிவனத்தில் நின்றது. கொடியோடு நின்றிருந்த சவுரிராயன், கார்டு வண்டியிலிருந்து முதலில் ஓர் உலக்கை இறங்குவதைப் பார்த்தார். அடுத்து ஒரு கட்டுப் பச்சைத் தென்னங்கீற்று இறங்கியது. அதற்குப் பின்னால் வாழைத்தார். அதற்கும் பின்னால், நெற்றி நிறைய விபூதியும் சலவை வேட்டியுமாக அவருடைய மச்சான்.

"மச்சான்!" என்றான் மாரியப்பன். எஞ்சின் சத்தத்தில் வேலை செய்து செய்து அவனுக்கு மெதுவாகப் பேசவே வராது. "உங்க மேல எனக்கு வருத்தம்தான். ஒரு ஆள் அனுப்பக் கூடாதா? பக்கத்து வூட்டுக்காரி வந்து சொல்லித்தான் தாய்மாமனுக்குத் தெரியணுமா?"

"இன்னா தெரியணும்?"

மாரியப்பனின் மனைவி செண்பகம் தாம்பாளத்தை இடுப்பில் தாங்கிக்கொண்டு இறங்கினாள். "அவரையே ஏன் கேக்கறீங்க? இதெல்லாம் ஆம்பளைங்களுக்குக் கடைசியாத்தான் தெரியும்" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே சவுரிராயனிடம், "அண்ணே, நம்ம பூமாலை பெரியவளாயிட்டா" என்றாள்.

நேற்று சாயங்காலம்கூடப் பள்ளிக்கூடப் பையைத் தலையில் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, தண்டவாளத்து ஓரமாகக் குதித்துக் குதித்து வந்த பெண். சவுரிராயனுக்கு மனசு பொங்கியது. பெண்டாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கொஞ்சம் வலிக்கவும் செய்தது. டிரைவர் இரண்டு தரம் ஊதின பிறகுதான் கொடி கையில் இருப்பது ஞாபகம் வந்தது.

"ஜல்தி வாங்க மச்சான். வெயில் ஏறதுக்குள்ள குடிசையைக் கட்டிப்புடலாம்" என்று மாரியப்பன் கீற்றுக்கட்டைத் தோளில் தூக்கினான்.

*

பூமாலை வாசலில் குந்திக்கொண்டு சிலேட்டுப் பலகையில் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் முதல் மார்க் அவள்தான். ஆறாம் வகுப்புக் கணக்கு எப்படி இருக்கும் என்று மேல் வகுப்புப் பெண்களிடம் இப்போதே கேட்டு வைத்திருந்தாள்.

தலை நிமிர்ந்தபோது, எதிரே மாமா, அத்தை, உலக்கை, வாழைத்தார், அவளுடைய அப்பா. எல்லாருக்கும் முன்னால் குப்பம்மாள்.

"எழுந்துருடி கண்ணு. ஏன் வெளிய குந்தியிருக்க? இனிமே பலகையும் பையும் எதுக்கு? எடுத்துப் பரண்மேல போடு" என்று குப்பம்மாள் அவள் கையிலிருந்த பலகையை வாங்கிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலியே!"

"ஒண்ணும் பண்ண வேணாம். தானா வர்றதுதான்."

மாமன் தோளிலிருந்த கீற்றுக்கட்டைப் பார்த்ததும் பூமாலைக்கு விஷயம் புரிந்தது. பெரியவளாவது என்றால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நடந்தபின் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும். பக்கத்துப் பெஞ்சியில் உட்கார்ந்த சிநேகிதி போன வருஷம் பெரியவளானாள். குறுக்கே உலக்கையைப் போட்டு ஓலைக் குடிசையில் உட்கார வைத்தார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை.

"எனக்கு ஒண்ணும் ஆவல! என் பலகையக் குடு!" என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டுக் கரண்டியோடு வெளியே வந்த காந்திமதி அப்படியே நின்றுவிட்டாள். "அண்ணா? இன்னா இது? உலக்கை எதுக்கு?"

"உலக்கை எதுக்கா?" என்றான் மாரியப்பன். "தாய்மாமன் சும்மா கையை வீசிக்கினு வருவான்னு நெனச்சியா?"

சவுரிராயன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் காந்திமதி" என்றார்.

"எதச் சொல்லணும்?"

நல்லவேளையாகச் செண்பகத்துக்கு நிதானம் இருந்தது. தாம்பாளத்தை இறக்கி வைத்துவிட்டு, பூமாலையை உள்ளே அழைத்துப் போய்க் காதோடு காதாக இரண்டு கேள்வி கேட்டாள். திரும்பி வந்து, "அப்பிடி ஒண்ணும் இல்ல. கொழந்த கொழந்தையாத்தான் இருக்குது" என்றாள்.

மாரியப்பன் தோளிலிருந்த கீற்றுக்கட்டு நழுவிக் கீழே விழுந்தது.

குப்பம்மாள் மட்டும் விடுவதாக இல்லை. "அப்ப முட்டையும் நல்லெண்ணெயும் யாருக்கு? ஏன்டி, ஊரைக் கூட்டி வேடிக்கை காட்டறியா?"

ஊரைக் கூட்டியவள் யார் என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. காந்திமதியின் முகம் சிறுத்துப்போயிற்று. பூமாலை விசும்பிக்கொண்டே, "என் பலகை, என் பலகை" என்றாள்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ராயப்பனுக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. தொண்டை போனதோடு நிற்காமல், தன் பாவம் தங்கச்சி தலையிலும் விடிந்துவிட்டது என்று நினைத்தான். வெளியே பாய்ந்து வந்தான்.

"அவள வுடுங்க! எல்லாம் என்னாலதான்! வெத மல்லாட்டைய நான்தான் தின்னேன்! பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்! அதான் என் தொண்ட இப்பிடி ஆயிடுச்சு!"

'அவள வுடுங்க' என்பது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. 'மல்லாட்டை' குருவி மாதிரி கீச்சிட்டது. 'சத்தியம்' என்ற வார்த்தையில் பாதி மேலேயும் பாதி கீழேயுமாகப் போயிற்று. சொல்லி முடித்துவிட்டு, வெட்கம் தாங்காமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

முதலில் சிரித்தது மாரியப்பன். சிரித்துச் சிரித்துக் கீற்றுக்கட்டு மேலேயே உட்கார்ந்துவிட்டான். காந்திமதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பேசிட்டான்! என் புள்ள பேசிட்டான்!" என்று மகனைக் கட்டிக்கொண்டாள்.

"டேய் மாப்ள, இன்னொரு தபா சொல்லு" என்றான் மாரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மாதாவுக்கு வேற வேலை இல்லியாடா? உன் மல்லாட்டைக்கா வந்து காவல் இருப்பாங்க? குரல் ஒடையுதுடா! மீசை மொளைக்கிற எல்லாப் பயலுக்கும் இதான் கதி."

ராயப்பன் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தான். "எல்லாருக்குமா?"

"எனக்கு எங்க ஆச்சு தெரியுமா? கூத்துல. ராணி வேசம் கட்டிக்கினு நிக்கிறேன். எதிர்ல ராஜா. 'நாதா'ன்னு கூப்ட்டேன். மாடு கத்தற மாதிரி வந்துச்சு. சனம் பாய வுட்டு எழுந்து சிரிக்குது. ஆட்டம் முடியறதுக்குள்ள வாத்தியாரு என் சேலைய உருவிட்டு, மீசைய ஒட்டி, அரமனைக் காவக்காரனா நிக்க வெச்சிட்டாரு."

நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு உடைகிறது என்பார்கள். பெரிய வியாதியின் பெயர் மாதிரி இருந்தாலும், ஆறு மாசமோ ஒரு வருஷமோ பொறுத்தால் குரல் தானே ஒரு நிலைக்கு வந்துவிடும். அது வருகிறவரை பையன் பேசுவதைக் கேட்டுச் சிரிக்காமல் இருப்பதுதான் வீட்டில் உள்ளவர்களுக்குக் கஷ்டம்.

ராயப்பன் தகப்பனைப் பார்த்தான். "உங்களுக்கும் ஆச்சா நைனா?"

சவுரிராயன் யோசித்தார். "ஆயிருக்கும். எப்பன்னு எனக்கே தெரியாது. உன் வயசுல ஆண்டை வூட்டு மாட்ட ஓட்டிக்கினு காட்டுல கெடந்தேன். நான் பேசறதக் கேக்கறதுக்கு ஒருத்தரும் இல்ல" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் பார்த்தார். செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப மூஞ்சில பரு? உடுப்பெல்லாம் சின்னதா ஆயிடுது. அப்பறம்…" என்று ராயப்பன் நிறுத்தினான். பெண்கள் முன்னால் கேட்க முடியாத சந்தேகங்கள் அவனிடம் இன்னும் இருந்தன என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வா, பாயிண்ட் கிட்ட போய்ப் பேசலாம்" என்று சவுரிராயன் மகன் தோளில் கை போட்டார். தம்மிடம் யாரும் சொல்லாததை எப்படிச் சொல்லுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தீர்மானமாக இருந்தார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது ராயப்பன் முகத்தில் பெரிய நிம்மதி இருந்தது. சவுரிராயனுக்குத்தான் வேர்த்து ஊற்றியிருந்தது.

*

அதற்குள் வாசலில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. சீரை என்ன செய்வது?

"கொண்டாந்த சீரத் திருப்பித் தூக்கிக்கினு போனா விழுப்புரம் ஸ்டேஷன்ல என் மானம் பூடும்" என்றான் மாரியப்பன். "கார்டு வேற, 'இன்னாய்யா, மரத்தையே வெட்டிக்கினு வந்துட்டியா'ன்னு கேட்டுட்டான். அவன் கண்ல மறுபடியும் இந்த உலக்கையோட நான் முழிக்க மாட்டேன்."

"பூமாலைக்கு எடுத்து வெச்சிக்கலாமா?" என்றாள் காந்திமதி.

"வாழப்பழம் எத்தினி நாளு தாங்கும்? புள்ள பெரியவனானாலும் விசேசம்தானே?" என்றாள் செண்பகம். "டேய் ராயப்பா, வந்து மணையில உக்காரு."

ராயப்பன் ஓடப் பார்த்தான். மாமன் பிடித்துக்கொண்டான்.

திண்டிவனத்தில் அதற்கு முன்னால் எந்த ஆண் பிள்ளைக்காவது மஞ்சள் நீர் ஊற்றியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. ராயப்பனுக்கு ஊற்றினார்கள். பூமாலைக்கென்று வந்த சீட்டிப் புடவையைத் தலையில் முண்டாசாகக் கட்டினார்கள். தாய்மாமன் முதல் சொம்பு ஊற்றினான், செண்பகம் இரண்டாவது. காந்திமதி ஊற்றுகிறபோது சிரிப்பில் சொம்பு சாய்ந்து, பாதி தண்ணீர் சவுரிராயன் யூனிபாரத்தில் விழுந்தது.

"கண்ணுல ஊத்துங்க மாமா! வாயில ஊத்துங்க! அதான் மல்லாட்டை தின்ன வாய்!" என்று பூமாலை குதித்தாள். அழுத கண்ணீர் கன்னத்தில் காய்ந்துகூட இருக்கவில்லை. குப்பம்மாளும் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ரோஷம் பார்த்துக்கொண்டிருந்தால் வேடிக்கை போய்விடுமே!

அந்தக் கூச்சலைக் கேட்டுத் தண்டவாளத்தில் போன கேங்மேன்கள்கூட டிராலியை நிறுத்திவிட்டு நின்றார்கள். மஞ்சள் வழியும் முகத்தோடு ராயப்பன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் இரண்டு குரலில்தான் வந்தது.

*

சமையலறையில் களியை உருட்டி வைத்துக்கொண்டிருந்தாள் காந்திமதி. பூமாலை உள்ளே வந்து அவளை உரசிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, பெரியவளாவறதுன்னா இன்னா ஆவும்?"

'நேரம் வந்தா தெரியும்' என்பதுதான் இந்தக் கேள்விக்கு நம் தாய்மார்கள் சொல்லும் பதில். காந்திமதியின் வாய் வரைக்கும் அது வந்தது. வாசலில் ராயப்பன் தலை துவட்டிக்கொண்டிருந்தான். ராத்திரியெல்லாம் போர்வைக்குள் அழுதேன் என்று இப்போதுதான் சொல்லியிருந்தான் இந்தப் பிள்ளை. பக்கத்திலேயே படுத்திருந்தும் தனக்குத் தெரியவில்லை. அதை நினைத்ததும் அந்தப் பதிலை விழுங்கிவிட்டாள்.

"எங்க ஊரு முகையூர்ல மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தேன். அப்பதான் எனக்கு ஆச்சு" என்று மெதுவாகத் தொடங்கினாள். "பாவாடையில ரத்தம். பாம்பு கடிச்சிட்டுதுன்னு நெனச்சேன். எங்க கடிச்சிதுன்னு தேடிப் பாத்தேன், காயம் ஒண்ணும் இல்ல. சாவப் போறேன்னு வரப்போரமா போய்ப் படுத்துக்கினேன். யாரும் எனக்குச் சொல்லி வெக்கல பூமாலை."

பூமாலை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது பாம்பும் இல்ல, நோவும் இல்ல. ஒடம்பு வளந்துடுச்சுன்னு அர்த்தம். மாசத்துல கொஞ்ச நாளு ரத்தம் போவும், அப்பறம் நின்னுடும். அடிவயிறு கொஞ்சம் வலிக்கும். சுத்தமான துணி மடிச்சி வெச்சிக்கணும். தொவைச்சி நல்ல வெயில்ல காய வெக்கணும். எப்பிடின்னு நான் காட்டறேன். பள்ளிக்கூடத்துல இருக்கசொல்ல வந்தாலும் பயந்துக்காத. சிஸ்டர் கிட்ட போய்ச் சொல்லு."

"உனக்கு இப்பவும் வருதா?"

"வருது. அத்தைக்கும் வருது. குப்பம்மாளுக்கும் வந்து நின்னுபோச்சு."

"சிஸ்டருக்கு?"

"அவங்களும் பொம்பளைங்கதானே!"

பூமாலை இதை நம்ப முடியாமல் அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அவ்ளோதானா? இதுக்கா வரப்புல போய்ப் படுத்துக்கினே?" என்று கேட்டாள். காந்திமதிக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த நாளை நினைத்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இந்த இடத்தைப் படித்துவிட்டு நம் பத்திரிகை ஆசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தார். "இதெல்லாம் அச்சில் வரலாமா?" என்றார். "உங்கள் வீட்டில் பெண் குழந்தைகள் உண்டா?" என்று கேட்டேன். மூன்று பேர் என்றார். பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர்.

*

எல்லாரும் வரிசையாக இலை முன் உட்கார்ந்தார்கள். களி, கோழிக்குழம்பு, மாமன் கொண்டுவந்த வாழைப்பழம். பேசாமல் இருந்த நாளுக்கெல்லாம் சேர்த்து ராயப்பன் பேசினான். ஒவ்வொரு வார்த்தையும் ஒவ்வொரு சுருதியில் வந்தது. யாரும் சிரிக்கக் கூடாது என்று செண்பகம் உத்தரவு போட்டிருந்ததால், எல்லாரும் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

"பாட்டு வாத்தியார் கிட்ட நானே போய்ச் சொல்லிடறேம்மா" என்றான். "நாளைக்கு வேற யாராவது பாடட்டும். நான் தேர் வடம் புடிக்கறேன்."

காந்திமதிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்தப் பழைய பாட்டுக் குரல் இனி ஒருநாளும் திரும்பாது. ஆனாலும் "அம்மா" என்ற வார்த்தை மாடு கத்துகிற மாதிரி வந்தாலும் காதுக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

அப்போது பூமாலை தலை நிமிர்ந்தாள். "நைனா."

"இன்னாடா?"

"நான் பெரியவளாயிட்டப்பறமும் பள்ளிக்கூடம் போவலாமா?"

சவுரிராயன் கை இலையில் நின்றது. குவார்ட்டர்ஸில் எந்த வீட்டிலும் அப்படி நடந்ததில்லை. ஆனவளை அனுப்பினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசுவதற்கு முதல் ஆளாகக் குப்பம்மாள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். மாரியப்பன் மனைவியைப் பார்த்தான். செண்பகம் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தாள். பூமாலை மட்டும் கண் எடுக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வரப்போகும் ரத்தத்தைப் பற்றிய பயம் இப்போது துளிகூட இல்லை. இந்தப் பதிலைப் பற்றித்தான் பயம்.

"போவலாம். அவ போவட்டும்."

கனத்த, தெளிவான ஆண்குரல். அதில் விரிசல் இல்லை, நடுக்கம் இல்லை. காந்திமதியின் மனசு குளிர்ந்துவிட்டது. நன்றியோடு நிமிர்ந்து கணவன் முகத்தைப் பார்த்தாள்.

சவுரிராயன் இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை. அவரும் எல்லாரையும் போல ராயப்பனைத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.